கடித்துப் பார்த்துத்தான் இறக்க வேண்டும்

வெள்ளிமலை,
18.6.1997

அன்புள்ள தம்பி தனசேகரனுக்கு அக்கா கமலா எழுதுவது.

நானும் உன் மாமாவும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய்? கப்பல் பட்டறையில் வெல்டிங் வைக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள். சொன்னால் கேட்கிற ஆளில்லை நீ, இருந்தாலும் சொல்கிறேன்.

செவ்வந்தியை மெட்ராஸ் விமான நிலையத்தில், நீ இத்தாலியிலிருந்து துணைக்கு அனுப்பிய நர்ஸம்மா என் கையில் ஒப்படைத்தாள். கள்ளக்குறிச்சி வரை என் மடியிலேயே தூங்கினாள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது வாந்தி. வளைவுதான் காரணம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தும் சோறு உள்ளே போகவில்லை. பிடிவாதம் என்றால் நாலு அதட்டல் போடலாம். இவள் பாவம், கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு வாயாக முயற்சி செய்கிறாள். அப்புறம் ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு, "சாரி அத்தை" என்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை எனக்கு சாரி சொல்கிறது!

"வெறும் பாஸ்தா" கேட்கிறாள். அவள் பெட்டியில் பாக்கெட்டுகள் இருந்தன. சேமியா மாதிரிதானே என்று நன்றாகக் குழைய வேகவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, பாலும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்து கொடுத்தேன். பார்த்ததும் அழுதுவிட்டாள். நான் என்ன குறை வைத்தேன், சொல்?

"தனியாளாக வேலைக்கும் போய்க்கொண்டு பெண்ணை வளர்க்க முடியவில்லை அக்கா, இனி அவள் உன் பிள்ளை" என்று நீ எழுதியதை நான் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்த எனக்கு இப்படியாவது ஒரு பிள்ளை கிடைத்தாள். அவளை எலும்பும் தோலுமாக விட்டுவிடுவேனா? பூமாலை அந்த பாஸ்தாவை எப்படிச் செய்வாள் என்று உடனே எழுது. செத்துப்போன தாயின் கைப்பக்குவத்தைக் கேட்கிறது குழந்தை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
கமலா


பலெர்மோ,
9.7.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மாமாவுக்கு முட்டி வலி தேவலையா?

எனக்குச் சமையல் தெரியாது என்று உனக்கே தெரியும். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். பாஸ்தா பார்சல் அனுப்புகிறேன். போகப்போகச் சோறு பழகிவிடும்.

செவ்வந்தி வேறு ஏதாவது பேசுகிறாளா?

தம்பி
தனசேகரன்


வெள்ளிமலை,
27.7.1997

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை.

"அவ்வளவுதான்" என்று எழுதினாயே, அந்த அவ்வளவை இங்கே வந்து செய்து காட்டு! நீ சொன்ன மாதிரி போட்டேன். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டி. தண்ணீர் எடுத்துத் தர வருகிற ரங்கம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா கமலாம்மா, நூல் கண்டை வேக வெச்சிக்கினு இருக்கீங்க?" என்றாள். செவ்வந்தி அதில் நாலு இழையைப் பிய்த்து வாயில் வைத்தாள். அப்புறம் என்னைப் பார்க்காமல் தட்டை நகர்த்தி வைத்தாள்.

பன், வாழைப்பழம், பால். இதுதான் ஓடுகிறது. கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். எடை போட்டுப் பார்த்துவிட்டு, "இப்படியே போனா டிரிப்ஸ் ஏத்தணும்" என்றார். பஸ்ஸில் வரும்போது அவள் கையைப் பிடித்தேன். என் இரண்டு விரலுக்குள் அந்த மணிக்கட்டு அடங்கிவிட்டது.

மழையில் பாதை சரிந்து தபால் தாமதமாகிறது. அதற்காக நீயும் தாமதம் செய்யாதே. பூமாலை செய்கிறதை நீ ஒரு நாளாவது பார்த்திருக்க மாட்டாயா? நான் கேட்டது பூமாலையைப் பற்றி. அதற்கு மட்டும் நீ பதில் எழுதவே இல்லை.

கமலா


பலெர்மோ,
20.8.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். டிரிப்ஸ் என்று படித்ததும் பயந்துவிட்டேன். கவனமாகப் படி.

பெரிய பானை எடு. பாஸ்தா நீந்துகிற அளவு தண்ணீர் வேண்டும். தளதளவென்று கொதித்த பிறகு கல்லுப்பைக் கை நிறையப் போடு. தண்ணீரை வாயில் வைத்தால் ரசம் அளவு உப்பு தெரிய வேண்டும். எண்ணெய் விடாதே. பாஸ்தாவை உடைக்காமல் போட்டுக் கெதியாகக் கிண்டிவிடு. முதலில் கிண்டாவிட்டால் ஒட்டிப்போகும். மூடி போடக் கூடாது. பாக்கெட்டில் இருக்கிற நேரத்துக்குச் சற்று முன்பே ஒன்றை எடுத்துக் கடித்துப் பார். நடுவில் ஊசி முனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான் பதம். கடித்துப் பார்த்துத்தான் இறக்க வேண்டும்.

வடிக்கும் முன் அவித்த தண்ணீரில் ஒரு கோப்பை எடுத்து வை. குளிர் தண்ணீர் ஊற்றவே கூடாது. சட்டியில் வெண்ணெய் உருக்கி, வடித்ததைப் போட்டு, எடுத்து வைத்த தண்ணீரைக் கொஞ்சம் விட்டு அடுப்பிலேயே பிரட்டு. தண்ணீரும் வெண்ணெயும் சேர்ந்து மினுங்கிக்கொண்டு பாஸ்தாவில் பிடிக்கும். உறைப்பு ஒன்றும் வேண்டாம். சுடச்சுடக் கொடு. ஆறினால் பிள்ளை சாப்பிடாள்.

தம்பி
தனசேகரன்


வெள்ளிமலை,
10.9.1997

அன்புள்ள தம்பிக்கு,

உன் மாமா, நான், செவ்வந்தி எல்லாரும் சுகம். உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்கு மயக்கம் வராத குறை.

உலையில் உப்பா? அதுவும் கை நிறைய? ஊர் உலகத்தில் யாராவது உலையில் உப்பு போடுவார்களா? வடித்து, தட்டில் வைத்த பிறகு குழம்பில் இருக்கிற உப்புதானே சோற்றுக்கு! சரி, போட்டேன். நடுவில் வேகாமல் இறக்கு என்கிறாய். தாயில்லாப் பிள்ளைக்கு அரை வேக்காட்டைப் போட்டு, வயிற்று வலி வந்தால் யார் தூக்கிக்கொண்டு மலை இறங்குவது? எதையும் பிள்ளைக்குக் குழையக் கொடுப்பதுதானே பாசம்?

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கடிக்கிற விஷயம். அடப்பாவி, அடுப்பில் கொதிக்கிற பண்டத்தை எடுத்து வாயில் வைப்பதா? நம் அம்மா இருந்திருந்தால் பானையையே தூக்கி வெளியே போட்டிருப்பாள். சோற்றை நாம் விரலால் நசுக்கித்தானே பார்ப்போம்? நானும் நசுக்கித்தான் பார்த்தேன். எச்சில் மட்டும் என்னால் முடியாது. மாமா கேட்டுவிட்டு, "குழந்த சாப்புட்டா போதும். நசுக்குனா இன்னா, கடிச்சா இன்னா?" என்கிறார். அவருக்கென்ன, கூட்டுறவு சொசைட்டியில் கடுக்காய் எடை போட்டுவிட்டு வருகிறவர்.

ஆனால் தம்பி, அரைத் தட்டு சாப்பிட்டாள்! வாந்தி இல்லை. நான் சமையலறைக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

இன்னொன்று. "கெதியாக", "அவித்த தண்ணீர்", "உறைப்பு" என்றெல்லாம் எழுதியிருக்கிறாயே, என்ன பாஷை இது? நம் பக்கத்தில் காரம் என்போம், சீக்கிரம் என்போம். சிலோன் ரேடியோ கேட்டுக் கேட்டுக் கெட்டுப்போய்விட்டாயா? சமையல் தெரியாது என்று எழுதிய கைக்கு ஊசி முனை எங்கிருந்து வந்தது?

கமலா


பலெர்மோ,
1.10.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சாப்பிட்டாள் என்று படித்து நிம்மதி.

பட்டறையில் கூட வேலை செய்கிறவன் ஒருவன் யாழ்ப்பாணத்துக்காரன். அவன் சொன்னதை அப்படியே எழுதினேன்.

விரலால் நசுக்கினால் உள்ளே இருப்பது தெரியாதாம். கடித்துத்தான் பார்க்க வேண்டுமாம். ஒரு தடவை செய்து பார்.

தம்பி
தனசேகரன்


வெள்ளிமலை,
19.10.1997

தனசேகரா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் எழுது.

இன்றைக்கு மத்தியானம் பாஸ்தா வேகும்போது, சரி, குழந்தைக்காகத்தானே என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஒரு இழையை எடுத்து ஊதிக் கடித்தேன். செவ்வந்தி கூடத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் கடிப்பதைப் பார்த்ததும் பென்சிலைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பாதி எனக்கு."

"ச்சீ, எச்சில்டி" என்றேன்.

"மலர்ம்மா பாதி கடிச்சிட்டு மீதிப் பாதி எனக்குக் குடுப்பாங்க. நான்தான் ஓகே சொல்லணும். அப்பறம்தான் இறக்குவாங்க."

கரண்டியைக் கீழே வைத்தேன். யார் மலர்ம்மா என்று கேட்டேன். உடனே வாயை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "அப்பா சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு" என்றாள். முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அதற்கு மேல் எதுவும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பூமாலை எச்சில் பார்க்கிறவள். தான் வாய் வைத்த தம்ளரில் பெற்ற பிள்ளைக்கே தண்ணீர் தரமாட்டாள். அவள் கடித்துப் பாதி கொடுத்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் இத்தனை மாதமாக நான் யாருடைய கைப்பக்குவத்துக்காக அடுப்பில் வெந்தேன்? உப்பு முதல் வெண்ணெய் வரை எனக்கு வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தது யார்? அவன் என்று எழுதினாயே, அவனா அவளா?

உன் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். அதைச் சொல்லவில்லை. சரி. இதை மட்டும் சொல். பூமாலை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே இருந்தாளா, செத்த பிறகு வந்தாளா? நம் பூமாலைக்கு அது தெரியுமா?

கமலா


வெள்ளிமலை,
25.11.1997

தனசேகரா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்க்காமல் போகிறார்.

செவ்வந்தி இரண்டு வேளையும் சாப்பிடுகிறாள். கன்னம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் நான் கடித்துவிட்டுப் பாதி கொடுக்கிறேன். அவள் தலையாட்டினால்தான் இறக்குகிறேன். எச்சில் என்று அருவருத்தவள் நான். இப்போது அதைச் செய்யாமல் எனக்கு இருப்பு கொள்ளவில்லை.

அவளை இனி நான் விடமாட்டேன். அதை மட்டும் தெரிந்துகொள்.

கமலா


பலெர்மோ,
15.12.1997

மதிப்புக்குரிய கமலா அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் பிள்ளையும் நல்ல சுகத்தோடு இருக்கக் கடவுளை மன்றாடுகிறேன். என் பெயர் தவமலர். பிள்ளை மலர்ம்மா என்று சொல்வது என்னைத்தான்.

உங்கள் கடைசிக் கடிதங்கள் இரண்டும் இவருடைய வேலைச் சட்டைப் பையில் கிடந்தன. துவைக்க எடுத்தபோது கண்டேன். வாசித்தது பிழைதான். பிள்ளை ஓடி வந்து கை நீட்டினாள் என்ற இடத்தை வாசித்துவிட்டு, தண்ணீர் வாளி நிரம்பி வழிவது தெரியாமல் அப்படியே இருந்துவிட்டேன்.

நான் இவர்களுக்கு மேல்மாடியில் இருந்தேன். ஒரு கிழவி வீட்டில் சமையல் வேலை. பாஸ்தா அங்கே பழகினது. பூமாலை ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்து பிள்ளை என்னோடுதான் சாப்பிட்டாள், படுத்தாள். பிள்ளை என்னோடு இருந்தது பூமாலைக்குத் தெரியும். கடைசியாக நான் போய்ப் பார்த்தபோது, "எம் பொண்ணைப் பாத்துக்கோ மலரு. அவரு சாமர்த்தியம் பத்தாது" என்று என் கையைப் பிடித்துச் சொன்னா. அவ இருக்கும்வரை எனக்கும் இவருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. சண்டையில் போன என் மகன்மேல் ஆணையாகச் சொல்கிறேன். அவ போன பிறகு, போன வருஷம் செப்டெம்பரில்தான் கல்யாணத்தைப் பதிவு செய்தோம்.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் முதல் கடிதத்தையும் தேடி எடுத்து வாசித்தேன். இவர் தனியாள், வளர்க்க முடியவில்லை என்று உங்களுக்கு எழுதினாராமே? என்னிடம் சொன்னது வேறு. பிள்ளையில்லாத அக்கா அடம்பிடித்துக் கேட்கிறா, பூமாலையின் சொந்தக்காரரும் அதற்கே சம்மதம், கொடுக்காவிட்டால் ஊரில் முகத்தில் முழிக்கேலாது என்றார். நான் நேற்று வந்தவள், என்ன உரிமையோடு மறிப்பது? பிள்ளையின் உடுப்பை எல்லாம் நானே மடித்துப் பெட்டியில் வைத்தேன். பாஸ்தா பாக்கெட்டுகளும் நான் வைத்ததுதான்.

உங்கள் கடிதத்தைக் காட்டிக் கேட்டேன். இரண்டாம் கல்யாணத்துக்கு அக்கா என்ன சொல்லுவாவோ என்று பயந்து, முதலில் பிள்ளையை அனுப்பிவிட்டால் பிறகு மெல்லச் சொல்லலாம் என்று நினைத்தாராம். அதைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

நான் பிள்ளையைத் திருப்பிக் கேட்கவில்லை. நீங்கள் விடமாட்டேன் என்று எழுதியதையும் வாசித்தேன். எனக்குப் பயணம் செய்யப் பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது. நீங்கள் அனுமதித்தால் ஒரு முறை வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவேன். வேண்டாம் என்றால் வரமாட்டேன். அவள் சாப்பிடுகிறாள் என்பதே எனக்குப் போதும்.

தவமலர்


வெள்ளிமலை,
5.1.1998

தவமலருக்கு,

நானும் அவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். செவ்வந்தி நன்றாக இருக்கிறாள். அதை முதலில் படித்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். மறைப்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை, சொல்கிறேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ இன்னா தப்பு பண்ணா? உன் தம்பியக் கேளு" என்றார். இரண்டு பொம்பளைகளிடம் இரண்டு கதை சொல்லியிருக்கிறான். நான் தூக்கி வளர்த்த தம்பி. அவனை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அவனிடம் சொல்: இனி அவன் எழுதினால் நான் பிரிக்க மாட்டேன்.

ஆனாலும் பிள்ளையை உனக்கு விடுவதாக இல்லை. உனக்கு அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன், மூன்று நாள் முன்னால். நீ கற்றுக்கொடுத்த பாஸ்தாவை நான் இப்போது உன்னைவிட நன்றாகச் செய்வேன். இந்த மலையில் பாக்கெட்டில் போட்ட நேரம் பத்தாது, கொஞ்சம் கூட வேண்டும். அது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பிள்ளை தட்டைத் துடைத்துச் சாப்பிடுகிறாள். சாப்பிட்டதும் தட்டைக் கொண்டுவந்து எனக்குக் காட்டுவாள். தினம் காட்டுவாள். எனக்குப் பெருமை தாங்காது. என் கை அவளுக்குப் பழகிவிட்டது, என் பிள்ளையாகிவிட்டாள் என்று ரங்கம்மாளிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன்.

அன்றைக்கும் தட்டைக் காட்டினாள். காட்டிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அத்தை, இன்னும் எவ்ளோ நாளு நல்லா சாப்புடணும்?"

"எதுக்குடி?"

"நல்லா சாப்புட்டா மலர்ம்மா வந்து கூட்டிக்கினு போவாங்கன்னு அப்பா சொன்னாரு. நீ எழுதிப் போடு அத்தை, நான் நல்லா சாப்புடறேன்னு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, தவமலர். வந்த நாளில் கண்ணை மூடிக்கொண்டு சோற்றை விழுங்கி விழுங்கி வாந்தி எடுத்ததும் இதற்குத்தான். தினம் காலித் தட்டைக் காட்டினதும் இதற்குத்தான். அந்தப் பாவி ஒரு பேச்சுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறான். பிள்ளை ஆறு மாதமாக அதை நம்பி ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டிருக்கிறாள். நான் அதை என் மேல் வைத்த பாசம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

எழுதிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இது வேறு.

நீ தூரத்தில் நின்று பார்க்க வேண்டாம். நேராக என் வீட்டுக்கு வா. மெட்ராஸில் இறங்கிக் கள்ளக்குறிச்சி பஸ் ஏறு. அங்கே உன் அத்தான் வந்து நிற்பார். வருவதற்கு முன் தந்தி கொடு. தனசேகரனைக் கூட்டி வராதே. அவன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் நாளாகும். சம்மதம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமானால் எழுதிக் கொடுக்கச் சொல், அவ்வளவுதான் அவன் வேலை.

அவளிடம் இன்னும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நீ வராமல் போனால் நான் தாங்க மாட்டேன், அவளும் தாங்க மாட்டாள்.

பெரியவர்கள் நாம் மூன்று பேரும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் சொன்னபடி செய்துவிட்டாள். வந்து கூட்டிக்கொண்டு போ.

அக்கா
கமலா